யாருக்குக் கொடுத்தால் வரிக்கழிவு? குருமாருக்கான கொடையும் அரசு விட்டுக்கொடுக்கும் பணமும்

மீன்சுருட்டியிலும் அதைச் சுற்றியுள்ள சேரிகளிலும் நாங்கள் நடத்தும் சட்ட விளக்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. கோயில் அர்ச்சகருக்கோ, பங்குத் தந்தைக்கோ, சபைப் போதகருக்கோ, பள்ளிவாசல் இமாமுக்கோ, புத்த பிக்குவுக்கோ கொடுக்கும் பணத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டா என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் தம் குடும்பத்தில் முதன்முதலாக வருமான வரிப் படிவம் நிரப்பும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வெளியூர்களில் பணிபுரியும் இளைஞர்கள்.

"இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் இதற்குப் பதில் கூறிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அரசு தனக்கு வர வேண்டிய வரியை எவருக்காக விட்டுக்கொடுக்கிறது? அவ்வாறு விட்டுக்கொடுக்கப்படும் பணம் போய்ச் சேரும் இடங்களில் தலித் மக்களுக்கு நுழைவும் மரியாதையும் உண்டா? இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே விளக்க முயல்கிறது.

முன்குறிப்பாக ஒன்று. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. பழைய சட்டத்தின் 80ஜி பிரிவு புதிய சட்டத்தில் 133ஆம் பிரிவாகியுள்ளது. தீர்ப்புகளும் பொதுப்பேச்சும் இன்னும் பழைய எண்களிலேயே இருப்பதால், இங்கும் அவற்றையே பயன்படுத்துகிறோம்.

இறையிலி என்னும் பழைய ஏற்பாடு

குருமாருக்கான கொடையும் வரிச்சலுகையும் பிணைந்திருப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. மீன்சுருட்டியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திரனின் தலைநகரம். அவன் காலத்துக் கரந்தைச் செப்பேடுகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏடுகளைக் கொண்டவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களுக்குப் பல ஊர்களை ஒன்றிணைத்து வழங்கிய கொடையை அவை பதிவு செய்துள்ளன. இத்தகைய நிலங்கள் பிரமதேயம் எனவும், கோயிலுக்கு விடப்பட்டவை தேவதானம் எனவும் அழைக்கப்பட்டன. இறை என்றால் வரி. வரி நீக்கப்பட்ட நிலம் இறையிலி. நிலத்தில் உழைத்தவரின் விளைச்சலில் ஒரு பங்கு அரசனுக்குச் செல்வதற்குப் பதிலாகக் குருமாருக்கோ கோயிலுக்கோ சென்றது. உழைப்பவரின் சுமை இதனால் குறைந்துவிடவில்லை. அவர் விளைவித்தது போய்ச் சேரும் இடம் மட்டுமே மாறியது.

இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னொரு செய்தியையும் தருகின்றன. ஊர்களின் வரி கணக்கிடப்பட்டபோது, வரி விதிக்கப்படாமல் கழிக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் குளம், வாய்க்கால், கோயில், சுடுகாடு ஆகியவற்றுடன் பறைச்சேரியும் இடம்பெறுகிறது. பிராமணர் பெற்ற வரிநீக்கம் விளைநிலத்தின் மீதான உரிமையாக இருந்தது. சேரிக்குக் கிடைத்த வரிநீக்கம், வருவாய் தராத குடியிருப்பு என்ற அளவில் மட்டுமே அமைந்தது. ஆகவே வரிநீக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன், எவருக்கு, எதன் மீது, எவருடைய உழைப்பிலிருந்து என்று கேட்பது நமக்கு இயல்பான ஒன்றாக வேண்டும். சிறு இனாம்களை ஒழித்து அவற்றை இரயத்துவாரி முறைக்கு மாற்றிய சட்டம் தமிழ்நாட்டில் 1963இல் தான் வந்தது.

கழிவு வேறு, விலக்கு வேறு

இக்காலச் சட்டத்தில் இரண்டு சலுகைகளைப் பிரித்தறிய வேண்டும். நன்கொடை கொடுப்பவர் தம் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்வது வரிக்கழிவு. அதை 80ஜி பிரிவு வழங்குகிறது. நன்கொடையைப் பெறும் நிறுவனம் தன் வருமானத்துக்கு வரி செலுத்தாமல் இருப்பது வரிவிலக்கு. அதை 11, 12, 12ஏபி, 13 ஆகிய பிரிவுகள் நெறிப்படுத்துகின்றன. பொதுவெளியில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்து, 30 விழுக்காட்டு வரி அடுக்கில் இருக்கும் ஒருவர், 80ஜி ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைக்கு 20,000 ரூபாய் வழங்குகிறார் எனக் கொள்வோம். அதில் பாதியான 10,000 ரூபாய் அவருடைய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். செஸ் உட்பட 3,120 ரூபாய் வரி குறையும். அதாவது அந்த 20,000 ரூபாயில் 3,120 ரூபாயை அரசு மறைமுகமாக ஏற்றுக்கொள்கிறது. முந்திரிக்காட்டில் கூலி வேலை செய்யும் ஒரு பெண் அதே அறக்கட்டளைக்கு 500 ரூபாய் கொடுத்தால், அவருடன் சேர்ந்து அரசு ஒரு ரூபாயும் ஏற்பதில்லை. ஏனெனில் அவர் வருமான வரி வரம்புக்குள்ளேயே வருவதில்லை. தாம் வாங்கும் பொருள்களின் விலையில் அடங்கிய மறைமுக வரிகளை அவர் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார். ஆயினும் வசதி படைத்தவரின் கொடையைத்தான் அரசின் பணம் பின்தொடர்கிறது.

மேலும், 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பான முறையாக்கப்பட்டுள்ளது. அதில் தனிநபருக்கு 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டுமே இக்கழிவு உண்டு. எங்களிடம் கேள்வி கேட்கும் இளம் ஊழியர்களில் பலர் தாம் எந்த முறையில் இருக்கிறோம் என்பதையே முதலில் உறுதிசெய்ய வேண்டியுள்ளது.

குருமாரின் கையில் கொடுத்தால்

தனிமனிதருக்குக் கொடுக்கும் எந்தக் கொடைக்கும் 80ஜியில் கழிவு இல்லை. அர்ச்சகரின் தட்டில் இடும் காசு, பங்குத் தந்தைக்கு வழங்கும் காணிக்கை, போதகரிடம் நேரில் தரும் தசமபாகம், இமாமுக்குத் தரும் அன்பளிப்பு, பிக்குவுக்கு வழங்கும் தானம் ஆகிய அனைத்துக்கும் இதுவே விதி.

பெறுபவரின் நிலை என்ன? உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் பெறும் அன்பளிப்புத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், அத்தொகை முழுவதும் அவருடைய வருமானமாகக் கருதப்படும். அந்த வரம்புக்கு உட்பட்டதாயினும், சமயப் பணியின் விளைவாக வந்த பணம் அன்பளிப்பன்று, தொழில் வருமானமே என்று உச்ச நீதிமன்றம் முன்பே கூறியுள்ளது. திருவனந்தபுரத்தில் வேதாந்தம் போதித்த பி. கிருஷ்ண மேனனுக்கு லெவி என்னும் ஆங்கிலேயச் சீடர் பெருந்தொகை வழங்கினார். குருவின் மீது கொண்ட அன்பினால் தரப்பட்ட கொடை அது என்று வாதிடப்பட்டது. போதனை என்பதும் ஒரு தொழிலே, இலாப நோக்கம் இல்லாவிடினும் அதனால் விளைந்த பணம் வருமானமே என்று 1959இல் தீர்ப்பளிக்கப்பட்டது. கேரளத்தில் கிறித்தவச் சமயக் கருத்துகளைப் பரப்புவதற்காக அமெரிக்காவிலிருந்து நன்கொடை பெற்ற கே. ஜார்ஜ் தாமஸின் வழக்கிலும் 1985இல் இதே முடிவு எட்டப்பட்டது.

அண்மைய வழக்கு தமிழ்நாட்டைச் சார்ந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியராகப் பணிபுரியும் அருட்சகோதரிகளும் குருக்களும் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள். அவர்களுடைய ஊதியம் முழுவதும் துறவற சபைக்கே செல்கிறது. ஆகவே அதில் வரிப்பிடித்தம் கூடாது என்று சபைகளும் மறைமாவட்டங்களும் வாதிட்டன. ஊதியம் முதலில் ஆசிரியரின் கையில் வருமானமாகிறது, அதை அவர் எவருக்கு ஒப்படைத்தாலும் வரிக்கடமை நீங்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2019இல் முடிவு செய்தது. மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று தள்ளுபடி செய்தது.

இத்தீர்ப்புகளில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. குருவின் புனிதத்தைச் சட்டம் ஆராய்வதில்லை. அவருக்கு வந்த பணம் எதன் பொருட்டு வந்தது என்பதை மட்டுமே பார்க்கிறது. அப்படியானால் அர்ச்சகப் பணியும் வருமானம் தரும் ஒரு தொழில் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அத்தொழில் பிறப்பின் அடிப்படையில் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தது. வாரிசு உரிமையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தை 1972இல் சேஷம்மாள் வழக்கில் ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், ஆகமப்படியான நியமனம் என்ற நிபந்தனையை விட்டுவைத்தது. பயிற்சி பெற்ற பல சாதியினருக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணைகள் வழங்கப்பட்டன. தட்டில் விழும் காசு யாருடைய வீட்டுக்குச் செல்கிறது என்பது பக்தியோடு முடிந்துவிடும் செய்தியன்று. அது வாழ்வாதாரப் பங்கீட்டின் கேள்வியுமாகும்.

நிறுவனங்களுக்குத் திறந்திருக்கும் மூன்று வாயில்கள்

குருவுக்கு நேரடியாக மூடப்பட்ட வாயில், சமய நிறுவனத்துக்கு முழுமையாக மூடப்படவில்லை.

முதலாவது, 80ஜி(2)(பி). வரலாறு, தொல்லியல் அல்லது கலைச் சிறப்புடையது என்றோ, மாநில அளவில் புகழ்பெற்ற பொது வழிபாட்டிடம் என்றோ மத்திய அரசு அறிவிக்கை செய்த கோயில், மசூதி, குருத்வாரா, தேவாலயம் முதலியவற்றின் புதுப்பிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் கொடுக்கும் நன்கொடையில், சட்டம் வகுத்த உச்சவரம்புக்கு உட்பட்டு, பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் இவ்வாறு அறிவிக்கை செய்யப்பட்டது. அயோத்தி இராமர் கோயில் அறக்கட்டளைக்கு 2020 மே 8 அன்று இந்தத் தகுதி வழங்கப்பட்டது. ஊர்ப்புறத்துச் சிறு அம்மன் கோயிலோ சேரியின் மாதா கெபியோ இந்தப் பட்டியலுக்குள் வருவது நடைமுறையில் அரிது.

இரண்டாவது, ஐந்து விழுக்காட்டுச் சலுகை. 80ஜியைப் பொறுத்தவரை, முழுமையாகவோ பெரும்பகுதியோ சமயத் தன்மை கொண்ட நோக்கம் அறப்பணியாகாது. அறக்கட்டளை ஆவணத்தில் பல நோக்கங்களுக்கிடையே சமய நோக்கம் ஒன்று இருந்தாலே ஒப்புதல் கிடைக்காது என்று அப்பர் கேஞ்சஸ் சுகர் மில்ஸ் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் கடுமையைத் தளர்த்தவே 80ஜி(5பி) சேர்க்கப்பட்டது. ஒப்புதல் பெற்ற நிறுவனம் தன் ஆண்டு வருமானத்தில் ஐந்து விழுக்காடு வரை சமயச் செலவு செய்யலாம் என்பது அதன் பொருள்.

மூன்றாவது வாயில்தான் மிகப் பெரியது. பொதுமக்களுக்கான சமய அறக்கட்டளை பதிவு பெற்றிருந்தால், அதன் வருமானத்துக்கு விலக்கு உண்டு. அந்த வருமானத்திலிருந்து அது குருமாருக்கு ஊதியமும் உறைவிடமும் வழங்கலாம். கொடுப்பவருக்குக் கழிவு இல்லாவிட்டாலும், பெறும் நிறுவனத்துக்கு விலக்கு இருக்கிறது.

பெயர் குறிப்பிடாத நன்கொடையைச் சட்டம் நடத்தும் விதத்தில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. 2006இல் கொண்டுவரப்பட்ட 115பிபிசி பிரிவின்படி, அறப்பணி அறக்கட்டளை பெறும் பெயரற்ற நன்கொடை, மொத்த நன்கொடையில் ஐந்து விழுக்காடு அல்லது ஒரு இலட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி. முழுமையாகச் சமய நோக்கம் கொண்ட அறக்கட்டளைக்கு இந்த விதி பொருந்தாது. உண்டியலில் விழும் கோடிகளுக்குக் கொடுத்தவரின் பெயர் தேவையில்லை. சேரியில் இரவுப்பள்ளி நடத்தும் அறக்கட்டளை, துண்டேந்தி வசூலித்த பணத்துக்குப் பெயரும் முகவரியும் வைத்திருக்க வேண்டும்.

நமக்கென்று எழுதப்பட்ட ஒரு விளக்கம்

குறிப்பிட்ட சமயத்துக்கோ சாதிக்கோ உரியதென வெளிப்படுத்தப்பட்ட நிறுவனத்துக்கு 80ஜி ஒப்புதல் கிடையாது. சாதிச் சங்கங்களின் கல்வி நிதிகள் பல இந்தத் தடையை எதிர்கொள்கின்றன. ஆனால் அதே பிரிவின் முதலாம் விளக்கம், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பட்டியல் பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்கான நிறுவனத்தைச் சாதிக்குரிய நிறுவனமாகக் கருதக்கூடாது என்கிறது. 13ஆம் பிரிவிலும் இதற்கிணையான விளக்கம் உள்ளது. சாதியைப் பேணுவதற்கான அமைப்பும், சாதியால் ஒடுக்கப்பட்டோரை உயர்த்துவதற்கான அமைப்பும் ஒன்றல்ல என்பதை வரிச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. "நீங்களும் சாதிப் பெயரில்தானே அமைப்பு வைத்திருக்கிறீர்கள்" என்று கல்லூரிகளில் நம் மாணவர்களை நோக்கி வீசப்படும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சட்டப் பதில் இல்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, தலித் கிறித்தவர்களைப் பற்றியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பட்டியலில் உள்ளனர். ஆகவே "கிறித்தவர்களின் நலனுக்காக" என்று எழுதப்படும் ஆவணம் சமயத் தடையில் சிக்கும். "பட்டியல் சாதியினர் மற்றும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரின் நலனுக்காக" என்று எழுதினால் விளக்கத்தின் பாதுகாப்பைக் கோரலாம். இரண்டாவது, கல்விப் பணிக்கான அறக்கட்டளையின் ஆவணத்தில் விகாரை அமைத்தல், பிக்குகளைப் பேணல், ஆலயப் பணி முதலிய நோக்கங்களைக் கலக்கக் கூடாது. அவற்றுக்குத் தனி அறக்கட்டளை தேவை.

தீண்டாமைக்கும் வரிவிலக்கா?

தமிழகக் கிராமங்கள் பலவற்றில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கப்படுகிறது. அந்த வரியைச் சேரியில் வாங்க மறுப்பது விலக்கிவைத்தலின் பழைய வடிவங்களுள் ஒன்று. வரி கொடுத்தவருக்கே விழாவில் உரிமை என்பதால், வரியை வாங்க மறுத்தாலே உரிமையை மறுத்ததாகிவிடும். இது ஒரு சமயத்தோடு நின்றுவிடவில்லை. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த, திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் தலித் கத்தோலிக்கர் பாகுபாட்டுக்கு உள்ளாவதாகக் கூறும் வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளது.

இத்தகைய நிறுவனம் வரிவிலக்கு பெற்றிருந்தால் என்ன செய்வது? சாதிக்குரிய நிறுவனத்துக்கு விலக்கு இல்லை என்னும் 13(1)(பி) விதி, அறப்பணி அறக்கட்டளையைத்தான் சுட்டுகிறது. சமய அறக்கட்டளை அதற்கு வெளியே நிற்கிறது. இந்த இடைவெளியைத்தான் நாம் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அமெரிக்காவில் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் சமய நம்பிக்கையின் பெயரால் இனக்கலப்புக் காதலையும் திருமணத்தையும் மாணவர்களுக்குத் தடைசெய்திருந்தது. பொதுக்கொள்கைக்கு எதிராக நடக்கும் நிறுவனத்துக்கு வரிவிலக்கு இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இனப்பாகுபாட்டைவிடத் தெளிவான தடை அரசமைப்பிலேயே உள்ளது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, அதன் நடைமுறையைத் தண்டனைக்குரியதாக்குகிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இன்னும் ஒரு படி செல்கிறது. அரசிடமிருந்து நிலமோ பணமோ மானியமாகப் பெறும் பொது வழிபாட்டிடத்தின் நிர்வாகி அல்லது அறங்காவலர் இச்சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டால், அந்த மானியத்தை அரசு நிறுத்திவைக்கலாம் அல்லது திரும்பப் பெறலாம். 1955இல் எழுதப்பட்ட இப்பிரிவு மானியத்தை மட்டுமே குறிப்பிடுகிறது. வரிவிலக்கும் மானியத்தின் மறுவடிவமே என்று கருதி அதை இப்பிரிவில் சேர்க்க நாடாளுமன்றம் ஒரு வரித் திருத்தம் செய்தால் போதும்.

திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் எங்கள் வாதம். 2022இல் திருத்தப்பட்ட 12ஏபி(4) பிரிவு, பதிவை நீக்குவதற்கான மீறல்களைப் பட்டியலிடுகிறது. அறக்கட்டளை தன் நோக்கங்களை நிறைவேற்றுவதற்கு இன்றியமையாத வேறு சட்டத்தை மீறி, அம்மீறலைக் கூறும் ஆணை இறுதியாகிவிட்டால், அது அப்பட்டியலில் அடங்கும். பொது வழிபாட்டை நோக்கமாகக் கொண்ட அறக்கட்டளைக்கு, வழிபாட்டில் தீண்டாமையைத் தடைசெய்யும் சட்டத்தைவிட இன்றியமையாத சட்டம் வேறு எது? வன்கொடுமை வழக்குகளில் தண்டனை இறுதியாகும்போது, தீர்ப்பின் நகலுடன் வருமான வரித்துறையின் விலக்குப் பிரிவு ஆணையருக்கு மனு அளிப்பதை நம் வழக்கறிஞர்கள் வழக்கமாக்க வேண்டும்.

வழிபாட்டுச் சுதந்திரத்தில் அரசு தலையிடுவதாக இதற்கு எதிர்ப்பு எழும். விலக்கு இழந்த நிறுவனம் தன் வழிபாட்டைத் தொடரத் தடையில்லை. பொதுமக்களின் பணம் அதன் பின்னால் நிற்காது என்பதே மாற்றம். குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென ஒதுக்கப்பட்ட வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 27ஆம் உறுப்பு கூறுகிறது. ஹஜ் மானிய வழக்கில் 2011இல், வரியில் சிறு பகுதி சமயத்துக்குச் செலவாவது இவ்வுறுப்பை மீறாது என்றும், பெரும்பகுதி செலவானால் மீறும் என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியது. விலக்கு முழுவதையும் ஒழிக்குமாறு நாங்கள் கேட்கவில்லை. தீண்டாமை நிறுவப்பட்ட இடத்தில் அது தொடரக்கூடாது என்கிறோம்.

உடனடியாகச் செய்யக்கூடியவை

நன்கொடை அளிக்கும் ஊழியர்கள் முதலில் தம் வரிமுறையை உறுதிசெய்ய வேண்டும். பழைய முறையாயின், பெறும் நிறுவனத்தின் 80ஜி ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. வங்கி வழியாகவோ காசோலையாகவோ கொடுக்க வேண்டும். நிறுவனம் வரித்துறைத் தளத்திலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழும் தேவை.

இரவுப்பள்ளி, படிப்பகம், விடுதி, சட்ட உதவி மையம் நடத்தும் இளைஞர்கள் அவற்றை அறக்கட்டளையாகப் பதிவு செய்து, 12ஏபி பதிவுக்கும் 80ஜி ஒப்புதலுக்கும் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிக ஒப்புதலும், பணி தொடங்கியபின் ஐந்தாண்டுக்கு முறையான ஒப்புதலும் கிடைக்கும். கொடுத்தவரின் பெயர், முகவரி, தொகை எழுதிய பதிவேடு முதல் நாளிலிருந்தே வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள் நன்கொடையாளர் விவர அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பணி உண்டு. தம் ஊரில் உள்ள கோயில், தேவாலயம், மடம், அறக்கட்டளை ஆகியவற்றுள் எவை வரிவிலக்குப் பதிவு பெற்றவை என்பதை வருமான வரித்துறை இணையதளத்தின் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். அவற்றின் விழாவில், பந்தியில், கல்லறையில், நிர்வாகக் குழுவில் தலித் மக்களின் இடம் என்ன என்பதைப் பக்கத்திலேயே குறித்துவைக்கலாம். அத்தகைய பட்டியல் ஒவ்வோர் ஊரிலிருந்தும் வந்தால், 9ஆம் பிரிவின் திருத்தத்தைக் கோரும் மனு சான்றுகளோடு எழுதப்படும்.